பெரியம்மாவின் பசி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சளி விட்டதா? கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் அதை முதலில் கேட்காவிட்டால் மற்றது எழுத வரவில்லை.

கேஸை அழுத்திக் குழாயில் தள்ளுகிற கம்ப்ரசர் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டு மனிதர்களும் எல்லைக்கு இந்தப் பக்கம் போன் பேசக்கூடாது என்று உங்கள் அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டதாமே. போன வாரம் அண்ணன் அவசரமாகக் கூப்பிட்டு, "இனிமே பேச முடியாதும்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏதோ கப்பலேறிப் போகிறவர் மாதிரி. கடிதத்தைத் தடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் காலத்தில் எவர் எழுதப்போகிறார் என்று விட்டிருப்பார்கள். வழியில் யாராவது இதைப் பிரித்துப் படித்தால் அவருக்கும் என் வணக்கம். கோழி கிறுக்கினாற்போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் ஒப்பந்தம் முடியப்போகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் குழாயிலும் கிடங்கிலும் பாதிக்கு மேல் பங்கை உங்கள் அரசுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் 'பராமரிப்பு வேலை' என்று குழாயை மூடிவிடுவார்களாம். நடுக் குளிர்காலத்தில் என்ன பராமரிப்பு, அண்ணி? விலையைக் கூட்டிக் கேட்டால் பேரம் பேசலாம். குழாயையே கேட்டால் என்ன பேசுவது? அது கைமாறிவிட்டால் எங்கள் ஊரில் யார் மந்திரி ஆவது, எங்கள் துறைமுகத்துக்கு யார் கப்பல் வருவது என்பதெல்லாம் உங்கள் தலைநகரத்தில் முடிவாகும். இதை நான் சொல்லவில்லை, உங்கள் நாத்தனாரைக் கட்டிய என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக்கொண்டே பயணிகளுக்கு வகுப்பெடுக்கிறார். திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மந்திரியைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை பெரியம்மா. நீங்கள் இங்கே வந்திருந்தபோது காட்டினேனே, எங்கள் தொழிற்சாலையின் கண்ணாடி உலை. "என்னடி, வெயில உள்ள கட்டிப் போட்டிருக்கீங்க" என்றீர்களே, அவள்தான். பதினோரு வருடமாக ஒரு பொழுதும் அணைந்ததில்லை. பண்டிகை, விடுமுறை எதுவும் அவளுக்குக் கிடையாது. கேஸ் நின்றால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி இறுகிப் பாறையாகிவிடும். செங்கல் வெடிக்கும். அப்புறம் இடித்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாகக் கட்ட எங்கள் முதலாளிக்கு வசதியும் இல்லை, வயதும் இல்லை. இந்த ஊரில் பாதி வீட்டு அடுப்பு பெரியம்மா எரிவதால்தான் எரிகிறது. நான் அங்கே ஷிப்ட் பொறுப்பாளர்; அவள் அணைந்தால் என் கையில்தான் அணைவாள்.

அந்தப் பக்கத்தில் நிலையத்தின் ஷிப்ட் பொறியாளர் யார்? என் அண்ணி. நேராகவே கேட்கிறேன். உத்தரவு வந்தால் நீங்களே உங்கள் கையால் மூடுவீர்களா?

இப்படிக்கு,
வாலு


ஜனவரி 17

அன்புள்ள வாலு,

சளி விட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் தலைவலி பிடித்தது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பள்ளிக்கூடப் பையோடு கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு நாக்கைத் துருத்தினாய். வாலு என்று பெயர் வைத்தது நான்தான். நீ எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அந்த உரிமையில் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

குழாயைப் பற்றி நியாயம் பேசுகிறாயே, மூன்று வருடத்துக்கு முன்னால் என்ன நடந்தது? எங்கள் கேஸ் போவதற்கு உங்கள் பக்கம் போகும் அந்த ஒரே குழாய்தான். வேறு வாடிக்கைக்காரர் கிடையாது. அது தெரிந்துகொண்டு உங்கள் அரசாங்கம் பாதி விலைக்கு அடித்துக் கேட்டது. கொடுக்காவிட்டால் வாங்க மாட்டோம் என்றது. கேஸ் என்ன, மூட்டை கட்டி அடுக்கி வைக்கிற பொருளா? கொடுத்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் நிலையத்தில் பாதிச் சம்பளம். உன் அண்ணன் தையல் மெஷினை மிதித்த மிதியில்தான் வீடு ஓடியது. அப்போது ஒரு வரி எழுதிக் கேட்டாயா? "கேஸ் பில் கொறஞ்சிருக்கு அண்ணி" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். நானும் "நல்லதுடி" என்றேன். அன்றைக்கு உங்கள் கை மேலே இருந்தது, இன்றைக்கு எங்கள் கை மேலே. கழுத்தைப் பிடிக்கிறவன் எந்த ஊர்க்காரனாயிருந்தாலும் பிடிபடுகிற கழுத்து நம்மைப் போன்றவர்களுடையதுதான். இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்தத்தான் எழுதினேன்.

நானே மூடுவேனா என்று கேட்டாய். என் ஷிப்டில் உத்தரவு வந்தால் நான்தான் மூட வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் என்னை அனுப்பிவிட்டு இன்னொருவரை உட்காரவைப்பார்கள். அவருக்கு நாத்தனார் இருக்க மாட்டாள். ஆகவே வீராப்பாக எதுவும் வாக்குக் கொடுக்க மாட்டேன், நீயும் கேட்காதே.

உன் அண்ணன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஏதோ நான்தான் மந்திரி மாதிரி. நேற்று ஒருவருக்குக் கால்சட்டை அளவு எடுத்துக்கொண்டே நாட்டு நடப்பு பேசி, இடுப்பளவைக் கால் சுற்றளவாக எழுதிவிட்டார். அந்த ஆள் இரண்டு கால்களையும் ஒரே குழாயில் விட்டு நடக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. உன் பெரியம்மா எவ்வளவு குறைந்த தீனியில் உயிர் பிடித்திருப்பாள்?

அண்ணி


ஜனவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

குத்தியது தைத்தது. பாதிச் சம்பளத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பக்கம் கோபம் வந்தது. கேட்காமல் எப்படிச் சொல்வார்கள் என்று மறு பக்கம் வெட்கம் வந்தது. வெட்கம்தான் ஜெயித்தது. இப்போது கேட்கிறேன்: அண்ணனுக்கு முதுகு வலி அந்தக் குளிர்காலத்தில்தான் வந்ததா?

பெரியம்மாவின் தீனி பற்றிக் கேட்டீர்கள். பாட்டில் எதுவும் செய்யாமல், புதிதாக மணலைப் போடாமல், உள்ளே இருப்பது இறுகாத அளவுக்கு மட்டும் சூடு காட்டினால் வழக்கமான கேஸில் பாதிக்கும் குறைவாகவே போதும். இங்கே அதற்குப் 'பத்தியம்' என்று பெயர். ஆனால் முதலாளி அதற்கு ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார். காரணம் இருக்கிறது. நாங்கள் செய்வது மருந்துப் பாட்டில். எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் முக்கால்வாசி எங்கள் பாட்டிலைத்தான் நம்பியிருக்கின்றன. கையிருப்பு சேரும்வரை பாட்டில் செய்துகொண்டேயிருக்க வேண்டும்.

அதற்கும் ஒரு வழி பார்த்தோம். மணலை உருக்குவதைவிட உடைந்த கண்ணாடியை உருக்குவது சுலபம், குறைந்த சூடு போதும். அதனால் ஊருக்குள் உடைசல் கேட்டு அறிவித்தோம். உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் பஸ்ஸின் பின் சீட்டு முழுக்கச் சாக்கு. ஏறுகிறவர்கள் டிக்கெட்டோடு பாட்டிலையும் கொடுக்கிறார்கள். ஆனால் ஊர் என்றால் சும்மாவா! ஒரு அம்மாள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அதோட பின்பூச்சு ஆகாதும்மா" என்றால், "இதுல முகம் பாத்துப் பாத்துத்தான் என் வீட்டுக்காரர் இவ்ளோ கர்வம் புடிச்சுப்போனார், எப்படியாவது உருக்கிடுங்க" என்கிறாள். இன்னொருவர் அடுப்பில் வைக்கிற தடிமனான கண்ணாடிப் பாத்திரத்தைச் சாக்குக்குள் ஒளித்துப் போட்டுவிட்டார். அது லேசில் உருகாது. ஒரு துண்டு போனாலும் நூற்றுக்கணக்கான பாட்டில்களில் கட்டி கட்டியாக வந்து நிற்கும். இரண்டு பேரை உட்காரவைத்துப் பொறுக்குகிறோம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே உலை வாயையும் மூட முடியாது.

பெரிய இடத்துச் செய்தியும் ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கத்து வல்லரசு கப்பலில் கேஸ் கொண்டுவந்து தருகிறேன் என்று முன்வந்திருக்கிறது. இலவசமாக இல்லை. எங்கள் துறைமுகத்தில் ஒரு பகுதியை அவர்கள் போர்க்கப்பலுக்கு இரண்டு தலைமுறைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். உங்கள் ஆட்களுக்குக் குழாய் வேண்டும், அவர்களுக்குத் துறைமுகம் வேண்டும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று எங்கள் மந்திரி சபை யோசிக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் நான் குளிர்ந்துபோவேன்.

கேஸ் குறைந்தால் முதலில் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் கொடுப்பார்கள், தொழிற்சாலைக்குக் கடைசியில்தான். அது நியாயம்தான். ஆனால் கடைசியில் நிற்பது நான்.

வாலு


பிப்ரவரி 2

வாலு,

சுருக்கமாக எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிறது.

உத்தரவு வந்துவிட்டது. ஐந்தாம் தேதி குழாய் மூடப்படும். காரணம்: பராமரிப்பு. தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து எங்கள் விருந்தினர் அறையில் தங்கியிருக்கிறார். குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று காலையிலேயே புகார்.

பராமரிப்பு என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் நிலையத்தில் பராமரிப்புக்கென்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படிதான் நான் நடப்பேன். இதற்கு மேல் இப்போது கேட்காதே.

பெரியம்மாவை உடனே பத்தியத்தில் வை. முதலாளியிடம் சண்டை போட்டாவது வை. உனக்குச் சண்டை போட நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் அண்ணனுக்கு முதுகு வலி அந்தக் குளிர்காலத்தில் வந்தது இல்லை. அதற்கு முன்பே, சோம்பலில் வந்தது. கவலைப்படாதே.

அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஐந்தாம் தேதி மூடிவிட்டதாக இரண்டு நாட்டு ரேடியோவும் சொல்லிற்று. அன்றைக்கு இங்கே யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். முள் இறங்கவில்லை. எங்கள் குழாய் பிட்டர், "மீட்டர் செத்துப்போச்சு" என்று தட்டினார். வேறு மீட்டர் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் அதையே காட்டிற்று. வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலேயே நின்றது. அடுத்த நாளும் அப்படித்தான். ஊர் எல்லாம் ஒரே வதந்தி: உங்கள் ஆட்கள் பயந்துபோய்த் திறந்துவிட்டார்கள் என்று சிலர், எங்கள் மந்திரி ரகசியமாகக் குழாயை விற்றுவிட்டார் என்று சிலர். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் இரண்டு கட்சியும் கைகலக்கப் பார்த்து, நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி, "அடிச்சிக்கிறவங்க எறங்கிப் போய் அடிச்சிக்கோங்க, உள்ள பாட்டில் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்பே நான் பத்தியத்தில் வைத்துவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மருந்துப் பாட்டில் கையிருப்பு ஓரளவு சேர்ந்திருக்கிறது. வீடுகளிலும் ஒரு அறையில் மட்டும் கேஸ் எரித்து, எல்லோரும் அதிலேயே கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு தனி அறையில் படுக்கக்கூட முடியாது என்று பக்கத்து வீட்டுப் பெண் புலம்புகிறாள்.

ஒன்பதாம் தேதிக்குப் பிறகுதான் முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. இப்போது வேகமாக இறங்குகிறது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். முதலாளி, உலையின் அடித்துளையைத் திறந்து கண்ணாடியை வடியவிட்டுவிடலாம் என்கிறார். வடித்துவிட்டால் செங்கல்லாவது கொஞ்சம் மிஞ்சும். ஆனால் பெரியம்மா கதை முடிந்தது. வடிக்காமல் காத்திருந்து கேஸும் நின்றுபோனால் ஒன்றுமே மிஞ்சாது. "இன்னும் ரெண்டு நாள் குடுங்க ஐயா" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறேன். "எதை நம்பிம்மா காத்திருக்கச் சொல்ற?" என்று கேட்டார். எங்கள் அண்ணி என்று சொல்லவா முடியும்?

ஆனால் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அதோடு பயமாகவும் இருக்கிறது. எனக்காக ஏதாவது செய்து மாட்டிக்கொண்டீர்களா? பெரியம்மா போனாலும் போகட்டும், உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன் பாருங்கள். மனசார எழுதினேனா என்று பார்க்கத்தான் அழித்தேன். மனசாரத்தான்.

வாலு


பிப்ரவரி 22

அன்புள்ள வாலு,

அசடே, கண்ணைத் துடை. உன் கடிதம் வருவதற்குள் குழாயைத் திறந்தாகிவிட்டது, உனக்கே தெரிந்திருக்கும். பதினைந்தாம் தேதி சாயங்காலம் என் ஷிப்டில், என் கையால் திறந்தேன். நீ வடித்திருக்க மாட்டாய் என்றுதான் நம்புகிறேன். வடித்திருந்தால் இந்தக் கடிதத்தை நீ இவ்வளவு தூரம் படித்திருக்கமாட்டாய்.

இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். ஒளிக்க எதுவுமில்லை, எல்லாம் விதிப்படி நடந்தது.

எந்தப் பராமரிப்புக்கும் முன்னால் குழாயை நிரப்பிவிட்டுத்தான் மூட வேண்டும். இது நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படிக்கிற பாடம். குழாய் வெறும் பாதை மட்டும் இல்லை, அவ்வளவு நீளத்துக்கு அதுவே ஒரு தொட்டி. எல்லா மெஷினையும் ஓட்டி, தாங்குகிற அளவுக்கு அழுத்தி அடைத்துவிட்டால், வால்வை மூடின பிறகும் அந்தப் பக்கத்துக்காரர்கள் அதை வைத்துச் சில நாள் ஓட்டலாம். கேஸ் வாங்குகிறவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்று செய்கிற ஏற்பாடு. இரண்டு நாடும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது.

நான் மெஷின்களை ஓட்ட ஆரம்பித்ததும் அந்த அதிகாரி ஓடிவந்தார்.

"என்ன பண்றீங்க? மூடத்தானே சொன்னோம்?"

"மூடத்தான் போறேன் சார். பராமரிப்புன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி நெரப்பணும்."

"அதெல்லாம் இந்தத் தடவ வேண்டாம்."

"வேண்டாம்னா, இது பராமரிப்பு இல்லன்னு எழுதிக் குடுங்க சார். வெறும் மூடல்னு போட்டுக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலாளரைப் பார்த்தேன். எங்கள் மேலாளர் மீசைக்காரர் கூரையில் ஏதோ ஒட்டடை இருப்பதுபோல மேலே பார்த்தார். அதிகாரி முட்டாள் இல்லை, வாலு. பராமரிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அது ஒப்பந்தத்தை மீறியதாகும், வெளிநாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வெளியே போய்த் தலைநகரத்துக்குப் போன் போட்டார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, "முறைப்படியே செய்யுங்க" என்றார். அதோடு, "டீ கிடைக்குமா?" என்றும் கேட்டார். கொடுத்தேன். பாவம், அவரையும் வெந்நீர் இல்லாத அறையில் தள்ளியிருக்கிறார்களே.

மெஷின்கள் ஓடின ஓட்டத்தில் உன் அண்ணன் கடையில் ஊசி அதிர்ந்ததாம். நம்பாதே, கடை ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அப்புறம் மூடினேன். பொய் சொல்லமாட்டேன், அந்த வால்வு சக்கரத்தை நடுவில் ஒரு தடவை நிறுத்திவிட்டுத்தான் முழுக்கச் சுற்றினேன்.

மூடிய பிறகு பராமரிப்பு செய்ய வேண்டுமே? பேருக்கு ஒரு மெஷினைக் கழற்றினோம். பார்த்தால், உள்ளே சுழலுகிற விசிறி இதழ் ஒன்றில் நிஜமாகவே விரிசல்! இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் சிதறி யாரையாவது கொன்றிருக்கும். மீசைக்காரருக்கு வேர்த்துவிட்டது. பொய்க்குத் தேடினவனுக்குக் கடவுள் நிஜத்தைக் காட்டினார். அதை மாற்றி முடித்ததும், "வேலை முடிந்தது, திறக்கலாமா?" என்று தலைநகரத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுநாளும் எழுதினேன். தினமும் காலையில் எழுதினேன். ஒரு தடவை பராமரிப்பு என்று சொல்லிவிட்டால் அது முடிந்ததா இல்லையா என்று கேட்கத்தானே செய்வார்கள்?

இதற்கிடையில் மேலே கிணறுகளில் வருகிற கேஸைப் போக்க இடம் இல்லை. கிணற்றை நினைத்தபோது மூடி நினைத்தபோது திறக்க முடியாது, கெட்டுப்போகும். ஆகவே வானத்தில் விட்டு எரித்தார்கள். ராத்திரியே இல்லாத மாதிரி ஊர் முழுக்க வெளிச்சம். பணமாக வந்திருக்க வேண்டியது நெருப்பாகப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். உங்கள் பக்கம் இரண்டாம் நாளே கெஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு ஒன்பது நாள் ஆகியும் கெஞ்சல் வரவில்லை. அதற்குள் இவர்கள் கை சுட்டுவிட்டது. விலையைக் கொஞ்சம் கூட்டி, குழாய் உங்களிடமே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டார்கள். இரண்டு மந்திரிகளும் கைகுலுக்குகிற படத்தைப் பார்த்தாயா? ரெண்டு பேருக்கும் வெற்றியாம்.

பெரியம்மா எப்படி இருக்கிறாள்? உடனே எழுது.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பெரியம்மா உயிரோடு இருக்கிறாள்! பதினைந்தாம் தேதி முதலாளி அடித்துளைக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார். துளையைக் குத்தித் திறக்கிற கம்பியை நான் பிடுங்கிப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பிட்டர் கத்தினார். முள் ஏறுகிறது, ஏறுகிறது என்று குதித்தார். அந்தப் பெரிய மனிதர் குதித்து நான் பார்த்ததே இல்லை. முதலாளி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீங்கள் எழுதியதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "எழுதிக் குடுங்க சார்" என்ற இடத்தில் கைதட்டல். பொறுக்கும் பகுதியில் இருக்கிறவர்கள் இப்போது யார் எது சொன்னாலும் "எழுதிக் குடுங்க சார்" என்கிறார்கள். முதலாளி பாடு திண்டாட்டம்.

மறுபடி ஆரம்பித்த முதல் நாள் வந்த பாட்டில் எல்லாம் லேசான பச்சை. ஊர்க்காரர்கள் கொடுத்த உடைசலில் பச்சைப் பாட்டிலும் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். "குடிக்கிறவங்க எப்படியும் கண்ண மூடிக்கிட்டுத்தான் குடிக்கிறாங்க" என்றார் மருந்தாளுநர்.

இனி எழுதத் தயங்குகிற விஷயம். மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

இப்படி ஒரே குழாயை நம்பி இனி இருக்கக்கூடாது என்று இங்கே முடிவாகிவிட்டது. பெரியம்மாவுக்குள் மின்சாரக் கம்பிகளை இறக்கப் போகிறோம். பாதிச் சூடு கரண்டிலிருந்து வரும். கரண்டுக்குக் கொஞ்சம் எங்கள் மலையோரக் காற்றாலை, மீதிக்குக் கடலடியில் ஒரு கேபிள், அந்த வல்லரசிடமிருந்து இல்லை, வேறொரு சின்ன நாட்டிலிருந்து. துறைமுகத்தைக் கேட்கவில்லை, அதுவரை நல்லது. தொழிற்சாலைகள் எல்லாம் இப்படி மாறினால் உங்களிடம் வாங்குகிற கேஸ் பாதியாகும். உங்கள் நிலையத்தில் மெஷின்களைக் குறைப்பார்களோ, உங்கள் வேலைக்கு ஏதாவது வருமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எங்களைக் காப்பாற்றினீர்கள். நாங்கள் உங்களை விட்டு விலகுகிறோம். கூட்டத்தில் என்னைக் கருத்து கேட்டார்கள். சரி என்று கை தூக்கினேன். தூக்கின கை கனத்தது, அண்ணி.

இன்னொரு பயமும் இருக்கிறது. அந்தக் கேபிளின் மறுமுனையில் எனக்கு அண்ணி யாரும் இல்லை. அங்கே ஒருநாள் 'பராமரிப்பு' என்றால் யார் எனக்காக விதியைத் தூக்கிப் பிடிப்பார்கள்?

திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாலு


மார்ச் 18

அன்புள்ள வாலு,

போன் தடையை எடுத்துவிட்டார்கள். உன் அண்ணன் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார், நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் விடிய விடியப் பேசிக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டேன். அதை மறைக்கவில்லை. இவ்வளவு செய்தும் இப்படியா என்று பாத்திரத்தை உருட்டினேன். உன் அண்ணன் எதுவும் கேட்காமல் கடைக்குப் போய்விட்டார். புத்திசாலி, என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாரே.

மறுநாள் ஷிப்டில் அந்தச் சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்து யோசித்தேன். குழாய் மூடியிருந்த நாட்களில் ஒவ்வொரு வேளையும் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். நான் சாப்பிடும்போது நீ ஒரு அறையில் குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாய், காரணம் என் கை. உனக்கு ஒன்று தெரியுமா? அந்த நாட்களில் என்னிடம் எவ்வளவு அதிகாரம் இருந்ததென்று உன் கடிதங்களைப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. அப்படி ஒரு பிடியை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் ராத்திரி எப்படித் தூங்குகிறார்களோ தெரியவில்லை.

என் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. கேஸ் குறைந்தால் மெஷின் குறையும், உண்மைதான். மீசைக்காரர் வடக்குப் பக்கம் இன்னொரு நாட்டுக்குக் குழாய் போடப் போவதாகச் சொல்கிறார். எங்களுக்கும் ஒரே வாடிக்கைக்காரரை நம்பியிருக்கிற பயம் தீரும். மறுபடி உங்கள் கை மேலே போனாலும் நாங்கள் நடுங்க வேண்டியதில்லை. இது இரண்டு பக்கத்துக்கும் நல்லது, வாலு. நீ கை தூக்கியது சரி. நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

கேபிளின் அந்த முனையில் அண்ணி இல்லையே என்று கேட்டாய். இருக்க வேண்டாம். அண்ணி இருந்தால்தான் பிழைப்போம் என்கிற இடத்தில் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கக் கூடாது. காற்றாலையைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல். கேஸும் வைத்துக்கொள்ளுங்கள், கரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தர் மூடினால் இன்னொருத்தரிடம் போங்கள்.

அடுத்த மாதம் எல்லையில் பஸ் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரரையே ஓட்டச் சொன்னாலும் சரி, திருப்பத்தில் பேசாமல் ஓட்டினால் போதும். நீ வா. ஒன்றும் கேட்க வராதே, ஒன்றும் கெஞ்ச வராதே. இனிமேல் என்னிடம் உனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமே இல்லை என்று நினைக்கும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா? சும்மா என்னைப் பார்க்க வா.

அண்ணி